பிறந்த நாட்டில் பிள்ளைகளோடு ஒரு விடுமுறை

பல வருடம் கழித்துக் குடும்பத்தோடு சொந்த நாட்டுக்குப் போய்வந்தோம். கிளம்புவதற்கு முன் பயண மருத்துவரைப் பார்க்கச் சொன்னது என் கணவர். “பிறந்து வளர்ந்த இடத்துக்குப் போக மருத்துவர் எதற்கு?” என்று அம்மாகூட போனில் கேட்டார். மருத்துவர் முதலில் கேட்டது, “அங்கே கடைசியாக எப்போது தொடர்ந்து வாழ்ந்தீர்கள்?” என்றுதான். மலேரியா உள்ள பகுதியில் வளர்ந்தவர்களுக்கு, திரும்பத் திரும்பத் தொற்று வந்து உடம்பில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். அங்கிருந்து வந்து சில வருடங்கள் ஆனால் அது குறைந்துவிடும் என்றார். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அது அறவே கிடையாது. சுற்றுலா போகிறவர்கள் தடுப்பு மாத்திரையும் ஊசியும் போட்டுக்கொண்டு போகிறார்கள். உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள். அதனால் மலேரியா, டைஃபாய்டு இரண்டிலும் அதிகம் மாட்டுகிறவர்களும் அவர்கள்தான். ஆகவே பயணத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் கட்டாயம்.

அடுத்து, காகிதங்கள். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. இரட்டைக் குடியுரிமை இருந்தால் எந்தப் பாஸ்போர்ட்டில் நுழைய வேண்டும், எதில் வெளியேற வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கணவருக்கு லீவு கிடைக்காததால் நானும் பிள்ளைகளும் முதலில் போனோம். அவருடைய சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்திருந்தேன். குடியேற்ற அதிகாரி அதைக் கேட்டார், வாங்கிப் படித்தார், பிறகு என் மகளிடம், “யாரைப் பார்க்கப் போறே?” என்றார். “தாத்தாவை” என்று அவள் சொன்னதும் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

தாத்தாவை அதுவரை அவள் போன் திரையில்தான் பார்த்திருந்தாள். நேரில் பார்த்ததும் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்பாவின் முகம் வாடியதை நான் கவனித்தேன். எங்கள் மொழி அவளுக்குப் புரியும், ஆனால் பேச வராது. “கொஞ்ச நாள் போகட்டும்பா” என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்த இறுக்கத்தை உடைத்தது நேர மாற்றம்தான். நாங்கள் போனது கிழக்கு நோக்கி. மனித உடலின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால், நாளை நீட்டுவது அதற்குச் சுலபம், சுருக்குவது கஷ்டம். கிழக்கே போனால் நாள் சுருங்குகிறது. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடம்பு பழகும். மகளுக்கு ராத்திரி தூக்கமே வராது, விடியற்காலை மூன்று மணிக்கும் விழித்து உட்கார்ந்திருப்பாள். அப்பாவுக்கு வயதானதில் இருந்து தூக்கம் குறைவு, அவரும் அந்நேரம் எழுந்துவிடுவார். வீட்டில் மற்ற எல்லாரும் தூங்கும் நேரத்தில் விழித்திருந்தது அவர்கள் இருவர் மட்டும்.

ஒரு நாள் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அப்பா பழைய போட்டோ ஆல்பத்தை விரித்து வைத்திருந்தார். மகள் ஒரு படத்தைக் காட்டி, எங்கள் மொழியில், தட்டுத் தடுமாறி, “தாத்தா, இது யாரு?” என்றாள். “உங்க அம்மாதான். உன் வயசுல” என்றார். அவள் நம்பவில்லை. அவர் இன்னொரு படத்தைக் காட்டினார். நான் உள்ளே போகவில்லை. போனால் இரண்டு பேரும் மறுபடி என் வழியாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று தோன்றியது. பிள்ளைகளை ஊர் நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள், அந்த விடியற்காலைகளைக் கொஞ்சம் விட்டுவைக்கலாம்.

உறவினர் வீடு வீடாகப் போகாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வீட்டுக்கே வரச் சொன்னோம். சித்திக்கு அதில் வருத்தம். “எங்க வீட்டுக்கு வர உனக்கு நேரமில்லையா?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். அவர் கேட்டது நியாயம், அதனால் அவர் வீட்டுக்கு மட்டும் தனியாகப் போனோம். ஆனாலும் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினமும் ஒரு வீடு என்று அலைவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்படி மிச்சமான நாட்களில்தான் அம்மாவின் மாத்திரை டப்பாவைப் பொறுமையாகப் பார்க்க முடிந்தது. இரண்டு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள். பிராண்டு பெயர் வேறு, ஆனால் இரண்டு அட்டையிலும் உள்ளே இருந்தது ஒரே ரத்த அழுத்த மருந்து. அம்மா இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைசுற்றல் என்று போனில் பல மாதமாகச் சொல்லிவந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாச் சீட்டுகளையும் ஒரே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் ஒன்றை நிறுத்தினார். பெற்றோரைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். போனில் கேட்டால் “நல்லாத்தான் இருக்கேன்” என்றுதான் சொல்வார்கள்.

திரும்பி வந்த பிறகு நான் சில வாரம் ஒட்டாமலே இருந்தேன். வெளிநாட்டில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கும் இப்படி ஒரு தடுமாற்றம் வரும் என்று அமெரிக்க ஆய்வாளர்களான கலஹார்ன் தம்பதி 1963-லேயே எழுதியிருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது போகும்போதும் வருகிறது, வரும்போதும் வருகிறது. மகள் என்னைவிடச் சீக்கிரம் தேறிவிட்டாள். இப்போது போனை அவளே எடுத்துத் தாத்தாவைக் கூப்பிடுகிறாள், பாதி வாக்கியம் எங்கள் மொழியில் வருகிறது.

அடுத்த முறை மகன் பதின்வயதில் இருப்பான். இப்போதே “வரலை, நண்பர்களோட இருக்கேன்” என்கிறான். அந்த வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.