தென்னாப்பிரிக்காவின் டர்பன் தெருக்களில் வீடற்றவர்களோடு: சபையார் சிலரின் அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி:

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தார் சனிக்கிழமைகளில் பெரிய அண்டாவில் பீன்ஸ் பிரியாணி சமைத்து, வார்விக் சந்திப்புப் பக்கம் நடைபாதையில் படுப்பவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். பொட்டலங்களைக் கொடுப்போம், ஒரு ஜெபம் ஏறெடுப்போம், உடனே வண்டியேறிவிடுவோம். வரிசையில் எப்போதும் கடைசியாக நிற்கும் முதியவர் ஒருவரை, ஜூலு மக்கள் அழைப்பதுபோல, 'பாபா' என்று அழைத்துவந்தோம். மழைக்கு ஒதுங்கிய ஒரு நாளில் கடைத் தாழ்வாரத்தில் அவரோடு நிற்க நேர்ந்தபோது, முதியோர் உதவித்தொகை வருகிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் காலுறைக்குள்ளிருந்து ரொட்டி சுற்றி விற்கும் நெகிழிப் பை ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே நான்காக மடித்து, மடிப்புகளில் எழுத்து அழிந்துபோயிருந்த அடையாளப் புத்தக நகல் ஒன்று இருந்தது. அசல், அவர் தூங்கும்போது பையோடு களவு போய்விட்டதாம்.

இந்த நாட்டில் 60 வயது நிரம்பிய வறியவருக்கு அரசு உதவித்தொகை உண்டு. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது 350 ராண்டாகத் தொடங்கிய துயர் நிவாரணமோ அதற்குக் குறைந்த வயதினருக்கானது. எதைக் கேட்டாலும் அடையாள ஆவணம் இல்லாமல் வேலை எளிதில் நடக்காது. தொலைந்த அடையாளப் புத்தகத்துக்குப் பதிலாக அடையாள அட்டை வாங்க 140 ராண்ட் கட்ட வேண்டும். பணத்தையாவது யாராவது கொடுத்துவிடுவார்கள். ஆனால் மூட்டையைத் தெருவில் விட்டுவிட்டு விடியற்காலையில் உள்துறை அலுவலக வரிசையில் போய் நிற்பதற்கும், அட்டை தயார் என்ற குறுஞ்செய்தியைப் பெறுவதற்கும் அவருக்கு ஆள் துணை வேண்டியிருந்தது. நானும் என் கணவரும் முறைவைத்துக்கொண்டு அவரோடு நின்றோம், எங்கள் கைபேசி எண்ணையே கொடுத்தோம், அவருடைய மூட்டையைச் சபை அலுவலகத்தில் வைத்தோம். மூட்டையின் வாடையைப் பற்றி மூப்பர் ஒருவர் முகம் சுளித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அட்டை வந்தது, சில மாதங்கள் கழித்து உதவித்தொகையும் வந்தது. இப்போது அவர் இரவுக் கட்டணம் வாங்கும் விடுதியொன்றில் படுக்கிறார். ஆனாலும் சனிக்கிழமை பிரியாணிக்குத் தவறாமல் வந்து, காரம் போதவில்லை என்று குறை சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

பீனிக்ஸிலிருந்து ஒரு சகோதரர்:

அக்கா எழுதியதை வாசித்தபோது எங்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம்தான் நினைவுக்கு வந்தது. துரத்துண்ட சிறுமையானவர்களை வீட்டிலே சேர்த்துக்கொள்ளுவதே தமக்கு உகந்த உபவாசம் என்று ஏசாயா 58ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்லியிருக்க, நாங்கள் வயிற்றைக் காயப்போட்டதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம். ரோபாட்டில், அதாவது போக்குவரத்து விளக்கருகே, கார்க் கண்ணாடியைத் தட்டுகிற இளைஞர்களுக்கு நான் காசு கொடுப்பதில்லை. அது வூங்கா என்னும் போதைப்பொருளுக்குப் போய்விடும் என்ற அச்சம் இன்னும் எனக்கு உண்டு, அது தவறான அச்சம் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் ஒருவனிடம் ரொட்டியை நீட்டியபோது அவன் சோப்பும் சவரக் கத்தியும் கேட்டான். மறுநாள் கட்டட வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், இந்தக் கோலத்தில் போனால் காவலாளி வாசலிலேயே மறித்துவிடுவார் என்றான். அவனை டெனிஸ் ஹர்லி மையத்துக்கு அழைத்துப்போனேன். இம்மானுவேல் பேராலயத்தை ஒட்டி, ஜும்ஆ பள்ளிவாசலுக்கு அருகில், 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த இடத்தில் சாப்பாடு மட்டுமன்றிக் குளியலறையும் சிகிச்சையும் உண்டு. நிறவெறியை எதிர்த்து நின்ற கத்தோலிக்கப் பேராயரின் பெயரைத் தாங்கிய வீடு அது. பெந்தெகொஸ்தே சபைக்காரனாகிய நான் அதன் படியேறியது அதுவே முதல் முறை. அந்தப் பையன் வேலையில் நிலைத்தானா என்று எனக்குத் தெரியாது.

டோங்காட்டிலிருந்து ஒரு மூத்த சகோதரர்:

எருசலேம் சபையில் அன்றாட விசாரணையில், அதாவது உதவிப் பங்கீட்டில், விதவைகள் விடுபட்டார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, சபையார் அதற்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுக்க, அப்போஸ்தலர் அவர்களை நியமித்தார்கள் (அப்போஸ்தலர் 6). நம் சபைகளிலோ சமைப்பதற்கு முப்பது பேர் வருவார்கள். ஒரே மனிதருக்குப் பின்னால் மாதக்கணக்கில் அலைவதற்கு எவரையும் நியமித்ததில்லை. சகோதரியும் அவர் கணவரும் தாங்களாகவே அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு சீட்டு இல்லாததால் ஒரு மனிதன் என்ன பாடு படுவான் என்பதை நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி வந்து நட்டாலில் கரும்பு வெட்டிய நம் முன்னோர், முதலாளியின் சீட்டு இல்லாமல் தோட்டத்துக்கு வெளியே பிடிபட்டால் தண்டிக்கப்பட்டார்கள். இன்று தெருவில் படுப்போரில் மலாவியிலிருந்தும் காங்கோவிலிருந்தும் வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 140 ராண்டால் தீராத சிக்கல்கள் உண்டு, அகதி விண்ணப்பங்களைக் கையாளத் தெரிந்த வழக்கறிஞர் எவரேனும் நம் சபைகளில் இருந்தால் முன்வர வேண்டும். உதவ முன்வரும் மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு: பிரமாணப் பத்திரம் தேவைப்பட்டால், அதைக் காவல் நிலையத்திலேயே கட்டணமின்றிச் சான்றளித்துத் தருவார்கள். எங்கள் சபையில் வாரநாட்களில் உடன் செல்ல ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கார் ஓட்டத் தெரிந்த ஒருவர் இன்னும் தேவை.