மேரியில எழுத்து முடிச்ச ஆக்கள் உங்கட கதையையும் சொல்லுங்கோ

மழைக்குருவி:
எங்கட எழுத்து, அதுதான் கலியாணப் பதிவு, போன சனிக்கிழமை முடிஞ்சுது, பாரிசுக்கு வெளியில ஒரு சின்ன மேரியில. "மேரியில எழுத்து" எண்டு யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மம்மாவுக்கு ஃபோனில சொன்னா, "ஆர் பிள்ளை அந்த மேரி, வேதக்காரியோ?" எண்டு கேட்டா. பிரான்சில நகரசபைக் கட்டடத்தைத்தான் அப்பிடிச் சொல்லுறது எண்டு விளங்கப்படுத்தவே பத்து நிமிசம் போச்சு.

ஊரில எண்டா பதிவாளர் வீட்டுக்கு வருவார், மேசை போட்டுக் கையெழுத்து, கேக், சோடா, அவ்வளவுதான். இஞ்ச 10 நாள் எங்கட பேரை வெளியில ஒட்டி வைச்சிருந்தவை, மறுப்பு இருக்கிற ஆரும் வந்து சொல்லட்டும் எண்டு. அண்டைக்கு மண்டபக் கதவும் பூட்டக்கூடாது, அதுவும் சட்டம். அந்தக் கதவால வந்த குளிர்காத்தில பட்டுச்சீலையோட நடுங்கிக்கொண்டு இருந்தன்.

துணை மேயர் ஒரு பொம்பிளை. நீலம் வெள்ளை சிவப்புப் பட்டியைத் தோளில குறுக்கால போட்டுக்கொண்டு நிண்டா. பின்னால மரியானின்ர சிலை, பிரெஞ்சுக் குடியரசின்ர சின்னமா வைக்கிற பொம்பிளை. சட்டப் புத்தகத்தில இருந்து 212, 213 எண்டு வாசிச்சுக்கொண்டு போனா. குடும்பத்தை ரெண்டு பேரும் சேர்ந்துதான் நடத்தோணும் எண்டது 213. அதை மொழிபெயர்ப்பாளர் தமிழில சொல்லேக்க அம்மா திரும்பி அப்பாவை ஒரு பார்வை பாத்தா. அப்பா சிலையைப் பாத்தார்.

மொழிபெயர்ப்பாளர் வந்தது மாப்பிளைக்காகத்தான். வந்து ஒரு வருசம், பிரெஞ்சு இன்னும் அவ்வளவா வராது. ஆனா சம்மதம் எண்டு சொல்ல மூண்டு நாளாப் பாடமாக்கின பிரெஞ்சு "வுய்"யை மண்டபமே கேக்கிற மாதிரிச் சொல்லிப்போட்டார். அடுத்தது என்ர முறை. 12 வயசில இருந்து இஞ்ச படிச்ச நான், வாயைத் திறந்து "ஓம்" எண்டன்.

துணை மேயர் பேனையைக் கீழ வைச்சிட்டா. மந்திரம் சொல்லத் தொடங்கிட்டன் எண்டு நினைச்சிருக்கோணும். அரச மண்டபத்துக்குள்ள சமயம் கூடாதெல்லோ! "அது எங்கட பாசையில வுய்தான், மேடம்" எண்டு மொழிபெயர்ப்பாளர் சொன்ன பிறகு அவவும் சிரிச்சா. ஆனா திரும்பவும் கேட்டுத்தான் எழுதினவ.

கடற்கரைச்சாலை:
எனக்கு "ஓம்" பிரச்சினை இல்லீங்க, நான் புதுச்சேரி. எங்க தாத்தா 1962-ல பிரெஞ்சுக் குடியுரிமையை வேணும்னு எழுதிக் கொடுத்தவர், அதனால என் காகிதமெல்லாம் ஒழுங்கு. மாட்டிக்கிட்டது என் மனைவியோட இனிஷியல். "இந்த ஆர் யாரு?"ன்னு மேரியில படிவம் எழுதின அம்மா கேட்டாங்க. அவங்க அப்பா பேரோட முதல் எழுத்துன்னேன். "அப்போ குடும்பப் பெயர்?" அப்படி ஒண்ணு எங்ககிட்ட கிடையாதுன்னேன். ஒரு படிவத்துல கட்டம் காலியா இருந்தா அவங்களுக்குத் தாங்கலை. கடைசியில மாமனார் பேரே குடும்பப் பெயரா ஏறிடுச்சு. இப்போ தபால்காரர் என் மனைவியை எங்க மாமனார் பேர் சொல்லித்தான் கூப்பிடறார்.

இருமொழியன்:
தங்கச்சி, வாழ்த்துகள். நானும் இந்த மொழிபெயர்ப்பு வேலைதான் செய்யிறன். மண்டபத்தை விட அதுக்கு முன்னம் வாற நேர்முகம்தான் எங்கட ஆக்களுக்குக் கஷ்டம். சில இடங்களில பொம்பிளையையும் மாப்பிளையையும் தனித்தனியாக் கூப்பிட்டுக் கதைப்பினம், சம்மதம் உண்மைதானோ எண்டு பாக்க. "முதல் எங்க சந்திச்சனீங்கள்?" எண்டு ஒரு தம்பியைக் கேக்க, "சாதகம்தான் முதல் சந்திச்சது" எண்டார். அதைப் பிரெஞ்சில சொல்ல நான் பட்ட பாடு!

சாட்சி ரெண்டு பேராவது வேணும், நாலுக்கு மேல ஏலாது, 18 வயசு நிரம்பியிருக்கோணும். சாட்சிக்காரரை ஒரு மணித்தியாலம் முந்தின நேரம் சொல்லிக் கூப்பிடுங்கோ. அடுத்த சோடி வாசலில நிக்கேக்க எங்கட மாமாவுக்காக ஒருத்தரும் காத்திருக்கமாட்டினம்.

அகதி அந்தஸ்தில இருக்கிற ஆக்கள் ஊருக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டு அலையத் தேவையில்லை, ஒஃப்ப்ரா எண்ட பிரெஞ்சு அகதி அலுவலகம்தான் அதுக்குப் பதிலான பத்திரம் தரும். அதில பேர் எப்பிடி எழுதியிருக்கு எண்டதை முதலே பாருங்கோ. ஒரு எழுத்துப் பிழை உங்கட பிள்ளையளின்ர பேர் வரைக்கும் வரும்.

கடற்கரைச்சாலை:
தாலி எப்போ? மேரிக்கு முன்னாடியே கட்டிட்டீங்களா?

மழைக்குருவி:
இல்லை அண்ணா, தை மாசம்தான் நாள் வந்திருக்கு. முதல்ல செய்வம் எண்டு அப்பா கேட்டவர்தான். கோயில் ஐயர் மேரிப் பத்திரத்தைக் காட்டாமல் நாள்கூட எழுதமாட்டன் எண்டுட்டார். அதுக்கு முதல் செய்து வைக்கிறதை வழக்கமா வைச்சிருக்கிற குருமாருக்கு இஞ்ச 6 மாசச் சிறையும் 7,500 யூரோ தண்டமும் போடலாமாம்.

சிவப்புச் சீலையோ எண்டு ஒரு அக்கா உள்பெட்டியில கேட்டவ. கூறைச்சீலை தாலிக்குத்தான் அக்கா, இதுக்கு மஞ்சள்.

இப்ப எங்கட வீட்டு நிலைமை இதுதான்: குடும்பப் புத்தகம் எண்டு மேரியில ஒண்டு தந்தவை, அதில நாங்கள் புருசன் பெண்சாதி. ஆனா தாலி ஏறும்வரை அவரோட தனியக் கடைக்குப் போகக்கூட அம்மா விடுறா இல்லை. தம்பதியர் சேர்ந்து வாழக் கடமைப்பட்டவை எண்டு 215 சொல்லுது, உங்களுக்கு முன்னாலதானே வாசிச்சவை எண்டு நேற்றுக் கேட்டன்.

"அதைப் போய் உந்த மேரியிட்டச் சொல்லு" எண்டுட்டா.