50×4 வாட் கதையை இன்னும் நம்புகிறவர்களுக்கு

சால்டரிங்சாமி: பழைய ஸ்விஃப்ட் காருக்குப் புது பாட்டு செட் (கார் ஸ்டீரியோ) மாட்டுவது பற்றி ஒரு தம்பி கேட்டிருந்தார். அதற்கு ஒருவர், 'பெட்டியிலேயே 50×4 வாட், அதாவது நாலு ஸ்பீக்கருக்கும் தலா 50, மொத்தம் 200 என்று போட்டிருக்கிறது, தனி ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் பவர் கூட்டிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்) வீண் செலவு' என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அதற்குக் கைதட்டல் வேறு! ஐயா, செட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். 10 ஆம்பியர் ஃப்யூஸ். வண்டி ஓடும்போது 14.4 வோல்ட். பெருக்கினால் 144 வாட். உள்ளே போவதே 144 என்றால் 200 எங்கிருந்து வரும்? கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், தொடர்ந்து தருவது 22×4 என்று இருக்கும். அதைப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

கோவைக்காரன்: பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம். என் செட்டில் இருப்பது 15 ஆம்பியர். 10 இல்லை. பார்க்காத பொருளைப் பற்றிச் சத்தியம் செய்வது உங்கள் பழக்கம் என்பது முன்பு கெபாசிட்டர் (கரண்டைச் சேமித்து வைக்கும் பாகம்) பற்றி இங்கே நடந்த விவாதத்திலேயே தெரிந்தது.

சால்டரிங்சாமி: கெபாசிட்டர் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி, அதைக் கிளறாதீர்கள். 15 என்றே வைத்துக்கொள்வோம், 216 வாட். அதில் பெரிய பங்கு சூடாகி, செட்டின் பின்னால் இருக்கும் அலுமினியத் தகட்டோடு போய்விடும். அது எதற்கு அங்கே இருக்கிறது, அழகுக்கா?

கோவைக்காரன்: ஃப்யூஸ் என்ன தொட்டவுடனே உருகுமா? டிரம் அடி கண் இமைக்கும் நேரம்தான். அந்த நேரத்துக்குக் கூடுதல் கரண்டைத் தாங்கும். உங்கள் கணக்கு இஸ்திரிப்பெட்டிக்குப் பொருந்தும், பாட்டுக்கு இல்லை. அப்புறம், 15.

பழையஸ்விஃப்ட்: அண்ணே, கேள்வி கேட்டதே நான்தான். புது ஸ்பீக்கர் போட்டும் பேஸே (டிரம் மாதிரியான தாழ்ந்த சத்தம்) வரவில்லை, கதவு டப்பா மாதிரி அதிர்கிறது. ஆம்ப் வாங்கவா வேண்டாமா?

மெல்லிசைப்பித்தன்: தம்பி, முதலில் ஒரு பக்க ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போகும். அடுத்து கதவு டிரிம்மை (உட்பக்க மூடியை) கழற்றி, உள் தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளை அடைத்து, பியூட்டைல் ஷீட் (அதிர்வைத் தணிக்கும் ரப்பர் ஒட்டுத்தாள்) ஒட்டுங்கள். செட்டில் ஹைபாஸ் (ரொம்பத் தாழ்ந்த சத்தத்தை ஸ்பீக்கருக்குப் போகவிடாத வடிகட்டி) இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். இவர்கள் சண்டையை விடுங்கள், 22 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் நடுவே சத்தத்தின் அளவில் நாலு டெசிபல்கூட வித்தியாசம் இல்லை.

சால்டரிங்சாமி: நாலு டெசிபல் இல்லை என்பது சரி, ஆனால் 50 என்று எழுதுவது சரியா? அந்த 50 எப்படி வந்தது தெரியுமா? 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.8. அதாவது அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுச் சதுரமாக நிற்கும்போது கிடைப்பது. கரகரவென்று வரும் அந்தச் சத்தத்தைத்தான் இவர் கோவையில் உட்கார்ந்து 'பவர்' என்று ரசிக்கிறார். சுத்தமான அலைக்கு உச்சமே 26 வாட். அதற்குமேல் வேண்டுமென்றால் தனி ஆம்ப்தான் வழி, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து.

கோவைக்காரன்: ஊரை இழுக்காதீர்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விற்கிற ஒயரை இழுத்துத்தானே உங்கள் ஊரில் ஆம்ப் மாட்டுகிறார்கள்? பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம். மேலே செம்பு முலாம்.

சால்டரிங்சாமி: செம்பு முலாம் ஒயர் எல்லா ஊரிலும் கிடைக்கும். நான் வாங்குவது முழுச் செம்பு. பேச்சை மாற்றாதீர்கள், ஃப்யூஸைப் படம் எடுத்துப் போடுங்கள். சிவப்பு என்றால் 10, நீலம் என்றால் 15.

பழையஸ்விஃப்ட்: பித்தன் அண்ணே, ஓட்டையை அடைத்தால் மழைத் தண்ணீர் கதவுக்குள் நிற்காதா?

மெல்லிசைப்பித்தன்: நிற்காது. கதவின் அடியில் வடிகால் துளைகள் இருக்கும், அவற்றை மட்டும் மூடிவிடாதீர்கள்.

கோவைக்காரன்: நீலம்தான், இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். முதலில் ஏதோ சிவப்பு இருந்தது, அடிக்கடி போகிறது என்று கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். ஆக, என் செட்டில் இருப்பது 15.

சால்டரிங்சாமி: அட கடவுளே! கம்பெனி போட்ட 10-ஐ எடுத்துவிட்டு 15 சொருகிக்கொண்டா இத்தனை நேரம் வாதம்? நாளை உள்ளே ஷார்ட் ஆனால் ஃப்யூஸுக்கு முன்னால் ஒயர் உருகும். இன்றைக்கே கழற்றுங்கள்.

கோவைக்காரன்: வண்டி என்னுடையது, ஃப்யூஸும் என்னுடையது. நீங்கள் சொன்னது 10, இருப்பது 15. முதலில் போய் உங்கள் கெபாசிட்டர் பதிவை அழியுங்கள், அப்புறம் என் வண்டிக்கு வரலாம்.