கெஸ்வாச்சாக்கா புல் பாலம்: போய் வந்தவர்களின் அனுபவங்கள்

போன ஏப்ரலில் பெருவுக்குப் போயிருந்தோம். மச்சு பிச்சு பார்த்து முடித்த பிறகு குஸ்கோ நகரில் ஒரே ஒரு நாள் மிச்சம் இருந்தது. கூட வந்த நண்பர் வானவில் மலைக்குப் போகலாம் என்றார். நான் கெஸ்வாச்சாக்காவுக்குத்தான் என்று பிடிவாதம் பிடித்தேன். எங்கள் வீட்டுக் களத்தில் தாத்தா வைக்கோல் பிரி திரித்துக் கட்டுப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பிரி ஒரு கட்டைத் தாங்கும், ஆளைத் தாங்குமா? புல்லை முறுக்கி ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வேன் காலை ஐந்தரைக்கு விடுதி வாசலுக்கு வந்துவிட்டது. எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர். வழிகாட்டியாக வந்த பெண்ணுக்கு அந்த மலைமக்களின் மொழியான கெச்சுவாதான் தாய்மொழி. சாலை குஸ்கோவிலிருந்து தென்கிழக்கே வில்கனோத்தா ஆற்றை ஒட்டியே போகிறது. ஒரோபேசா என்ற ஊரில் நிறுத்தினார்கள். ரொட்டிக்குப் பேர்போன ஊர். 'சூட்டா' என்று தட்டு அளவுக்கு வட்ட ரொட்டி, லேசான இனிப்பு. சுடச்சுட வாங்கி எல்லாரும் பிய்த்துப் பிய்த்துத் தின்றோம்.

பெரிய சாலையை விட்டு மேலே ஏறியதும் பொமாகாஞ்சி ஏரி வருகிறது. அதற்கு அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் மூன்று ஏரிகள். அழகுதான், ஆனால் என் மனசு பாலத்தில் இருந்தது. துங்காசுக்கா வழியாகப் போனோம். 1780இல் இரண்டாம் தூபாக் அமாரு ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தது இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்துதான். வழிகாட்டி அதைச் சொல்லும்போது குரல் மாறிவிட்டது. யானவோக்கா என்ற ஊரைத் தொடும்போது எனக்குத் தலை பிளக்க ஆரம்பித்தது. குஸ்கோவே 3,400 மீட்டர் உயரம், இது அதற்கும் மேலே. கோக்கா இலைத் தேநீர் குடித்துக்கொண்டே வந்தேன். குஸ்கோவில் இரண்டு நாளாவது தங்கி உடம்பு பழகிய பிறகு இந்தப் பயணம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய அன்றே கிளம்பாதீர்கள்.

நான்கு மணி நேரம் ஆனது. கெவே ஊரைத் தாண்டிச் சாலை பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. முதலில் கண்ணில் பட்டது வண்டிகள் போகும் பாலம். 1960களிலிருந்தே அது இருக்கிறது. அதிலிருந்து கூப்பிடு தூரத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே, தொட்டில் மாதிரித் தொங்குகிறது கெஸ்வாச்சாக்கா. முப்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமில்லாத அகலம். கீழே அபூரிமாக் ஆறு.

நான் படங்களில் பார்த்திருந்தது பொன் நிறப் பாலம். ஏப்ரலில் அப்படி இல்லை. இந்தப் பாலத்தை ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாகக் கட்டுகிறார்கள். நான் போனபோது அதற்குப் பத்து மாதம் நிறைந்திருந்தது. மழைக்காலம் முழுவதும் நனைந்து காய்ந்து சாம்பல் நிறமாகிவிட்டது. நடுவில் தொய்வு, இடது பக்கம் லேசான சாய்வு. வேனில் வந்த இருவர் பார்த்ததும் இக்கரையிலேயே நின்றுவிட்டார்கள். எனக்கு அந்தக் கோலம்தான் பிடித்திருந்தது. ஒரு வருட உழைப்பை வாங்கிக்கொண்ட பொருள் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

ஏறுமுன் கரையில் இருக்கும் கல் கட்டுமானத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெரும்பாலோர் படம் எடுக்கும் அவசரத்தில் அதை விட்டுவிடுகிறார்கள். பாலத்தின் மொத்தப் பாரமும் அங்கேதான் போய் இறங்குகிறது. ஆறு வடங்கள்: அடியில் நான்கு, கைப்பிடிக்கு இரண்டு. ஆறும் இரு கரையிலும் கல்லைச் சுற்றி இறுகியிருக்கின்றன. கைப்பிடி வடத்தையும் அடி வடத்தையும் மெல்லிய கயிறுகள் வலைபோல் இணைக்கின்றன. தரையில் குச்சிகளும் கிளைகளும் பின்னிய பாய். ஆணி கிடையாது, கம்பி கிடையாது. இன்கா காலத்தில் இப்படிப்பட்ட பாலங்கள்தான் அவர்களுடைய நெடுஞ்சாலைகளை ஆறுகளுக்கு மேலே இணைத்தன. சக்கர வண்டி இல்லாத நாட்டில் ஆளும், பொதி சுமக்கும் லாமா என்ற விலங்கும் கடந்தால் போதும் அல்லவா?

நான்கு நான்கு பேராக விட்டார்கள். முதல் ஐந்தாறு அடி இறக்கம். கால் வைத்த இடம் கீழே போய், பின்னால் வருகிறவரின் அடிக்கு மறுபடி மேலே வருகிறது. நடுவுக்கு வந்ததும் பக்கவாட்டு ஆட்டம் வேறு. இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மணிக்கட்டைவிடத் தடிமன். பழைய வைக்கோல் போரின் வாசனை அதிலிருந்து வந்தது. ஆற்றின் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. 'அபூரிமாக்' என்றால் கெச்சுவாவில் 'பேசும் தலைவன்' என்று பொருளாம். நடுப்பாலத்தில் நின்றவனுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

அக்கரையில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வண்டிப் பாலம் இருக்கும்போது இதை ஏன் வருடா வருடம் கட்டுகிறீர்கள் என்று வழிகாட்டி மூலம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கட்டாவிட்டால் நான்கு ஊரும் எங்கே கூடும் என்று திருப்பிக் கேட்டார். வின்சிரி, சௌபிபாண்டா, சொக்காய்வா, கொல்யானா கெவே என்ற நான்கு சமூகங்களின் பாலம் இது. வீட்டுக்கு வீடு கயிறு திரித்துக் கொண்டுவர வேண்டும். கூலி கிடையாது, முறைப்பங்கு. 2013இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் பாலத்தை அல்ல, வருடா வருடம் அதைப் புதுப்பிக்கும் அறிவையும் திறனையும் சடங்கையும்தான்.

2020இல் பெருந்தொற்றால் யாரும் கூட முடியவில்லை, பாலம் புதுப்பிக்கப்படவில்லை. 2021 மார்ச்சில் நடுவில் அறுந்து ஆற்றில் விழுந்தது. அந்த ஜூனில் மறுபடி கட்டிவிட்டார்கள். என் சந்தேகத்துக்குப் பதிலும் இதுதான்: புல் ஆளைத் தாங்கும், ஆனால் ஒரு வருடத்துக்குத்தான் பொறுப்பு.

அப்புறம் அன்றைய நாளின் சிறந்த இருபது நிமிடம். ஒரு அம்மா புல் குவியலோடு உட்கார்ந்து திரித்துக் காட்டினார். புல்லின் பெயர் 'கோயா', அந்த மலைகளில் வளரும் இச்சுப் புல்லில் ஒரு வகை. கல்லால் தட்டி நசுக்கி, நீர் தெளித்துப் பதப்படுத்துகிறார்கள். காய்ந்த புல்லை முறுக்கினால் நொறுங்கிவிடும். இரண்டு பிடிகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரே பக்கமாக உருட்டி முறுக்கி, பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குகிறார். ஒன்று பிரிய நினைத்தால் மற்றது இறுகும். அதுதான் சூட்சுமம். தாத்தா செய்ததும் இதையேதான் என்று அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இப்படித் திரித்த மெல்லிய கயிறுதான் 'கெஸ்வா'. முப்பது கெஸ்வா அளவுக்குச் சேர்த்து முறுக்கினால் தடித்த கயிறு, அதில் மூன்றைப் பின்னினால் வடம். 'சாக்கா' என்றால் பாலம். நான் திரித்தது இரண்டு முழத்திலேயே அவிழ்ந்துவிட்டது. அந்த அம்மா அதை வாங்கி, ஒன்றும் சொல்லாமல், அவிழ்ந்த இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பதிவு செய்த நிறுவனம் பாலத்தில் இரண்டு மணி நேரம் என்று சொல்லியிருந்தது. ஏரி ஏரியாக நிறுத்தியதில் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. பணம் கட்டுமுன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏரிகளைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று பிடித்துவிட்டால் பாலத்தில் நிற்பதே சிரமம்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் நானும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வேலை நிமித்தம் லிமாவில் இருந்தபோது ஜூன் மாதப் புதுப்பித்தலுக்கே போயிருந்தேன். ஒரு நாள் பயணமாகப் போகாமல் யானவோக்காவில் அறை எடுத்துத் தங்கினேன். ஜூன் அங்கே குளிர்காலம். இரவில் தண்ணீர் உறைந்துவிடும், இரண்டு கம்பளி போர்த்தியும் தூக்கம் வரவில்லை.

முதல் நாள் விடியலில் 'பாக்கோ' என்று சொல்லப்படும் பூசாரி, பூமித்தாய்க்கும் மலைத்தெய்வங்களுக்கும் படையல் வைத்துத் தொடங்குகிறார். பிறகு குடும்பம் குடும்பமாகக் கயிற்றுச் சுருள்களோடு வந்து இறங்குகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக் கயிற்றையும் கையை அகல விரித்து அளக்கிறார்கள். நம் கடற்கரையில் 'மார்' கணக்கு என்போமே, அதே அளவு. குறைந்தால் எல்லார் முன்னாலும் தெரிந்துவிடும்.

இரண்டாம் நாள்தான் என்னால் மறக்க முடியாதது. பழைய பாலத்தை அறுத்துவிடுகிறார்கள். அது அப்படியே ஆற்றில் சரிந்து மிதந்து போகிறது. வெறும் புல்தானே, ஆற்றுக்கும் கெடுதல் இல்லை. பிறகு புது வடங்களை இழுத்துக் கட்டுகிறார்கள். இரண்டு கரையிலும் வரிசை வரிசையாக ஆண்கள், ஒரே குரலில் கூவி இழுக்கிறார்கள். தேர் வடம் இழுப்பதைப் பார்த்த நமக்கு அந்தச் சத்தம் புதிதல்ல, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தளர்வு போகும்வரை மணிக்கணக்காக இழுத்து இழுத்துக் கல்லில் சுற்றினார்கள்.

மூன்றாம் நாள், 'சாக்காருவாக்' என்ற பாலக் கலைஞர்கள் இரு கரையிலிருந்தும் ஆளுக்கொரு பக்கமாகக் கிளம்பினார்கள். வெறும் வடங்களின் மேல் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கைப்பிடியையும் அடியையும் பிணைத்துக்கொண்டே நடுவை நோக்கி நகர்கிறார்கள். கீழே ஆறு, இடுப்பில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. கடைசியில் பாய் விரித்து முடித்ததும் ஒரே ஆரவாரம். நான்காம் நாள் முழுக்க ஆட்டம், பாட்டு, சாப்பாடு.

மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். கெஸ்வாவில் பெரும்பகுதியைத் திரிப்பது பெண்கள். ஆனால் பாலம் கட்டும்போது பெண்கள் அருகே வந்தால் கெடுதல் நேரும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. அதனால் மேலே சரிவில் உட்கார்ந்து திரிக்கிறார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்தேன். அது எனக்கு உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. விருந்தாளியாகப் போன இடத்தில் அவர்கள் முறையை மீறவும் மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சரிவில்தான் பாட்டிகள் பேத்திகளுக்குக் கை பிடித்துக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்தேன். கீழே நின்றிருந்தால் அதைத் தவற விட்டிருப்பேன்.

பெருவுக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு தகவல்: 2015இல் இந்தக் கலைஞர்களில் சிலர் வாஷிங்டனுக்குப் போய் ஸ்மித்சோனியன் நாட்டார் விழாவில் புல் பாலம் ஒன்றைக் கட்டிக் காட்டினார்கள். அதன் ஒரு பகுதி அங்குள்ள அமெரிக்கப் பூர்வகுடிகள் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

*

நாங்கள் ஆகஸ்டில் அம்மாவோடு போனோம். பாலம் கட்டி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, பொன் நிறம் அப்படியே இருந்தது. அம்மாவுக்கு 67 வயது, மூட்டு வலி. சாலையிலிருந்து பாலத்துக்கு இறங்கும் பாதை குறுகல், படிகள் ஒரே சீராக இல்லை. ஊன்றுகோல் இருந்தால் நல்லது. மூச்சு வாங்கும், மெதுவாக இறங்குங்கள். பாலத்தில் ஏற அம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். நாங்களும் வற்புறுத்தவில்லை.

நாங்கள் அக்கரை போய்த் திரும்புவதற்குள் அவர் கயிறு திரிக்கும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மொழி கிடையாது, சைகைதான். சின்ன வயதில் வீட்டில் மாட்டுக்குத் தும்பு திரித்த கை. ஒரு பெண் புல்லைக் கையில் கொடுத்ததும் அம்மா உள்ளங்கையில் உருட்ட ஆரம்பித்துவிட்டார். முதல் முழம் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது, அடுத்ததிலிருந்து சரியாக வந்தது. அந்தப் பெண்கள் கூடிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, அம்மா முனையை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

ஊருக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்டேன். அம்மா அதைச் சுருட்டி அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டார். அவர் தன்னுடைய சுருளின் முனையோடு அதைச் சேர்த்து முறுக்க ஆரம்பித்தார்.