அமெரிக்க மாணவர் விசா நேர்காணல் நிறுத்தம்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். என் மகள் இங்கே ஒரு தனியார் கல்லூரியில் அமெரிக்கப் பட்டப்படிப்பில் இருந்தாள். இரண்டு ஆண்டு இங்கே, மிச்சம் அங்கே. செலவு பாதியாகுமே என்றுதான் சேர்த்தோம். அங்கே இடம் கிடைத்து, விசாவுக்குத் தேவையான பல்கலைக்கழகச் சேர்க்கைப் படிவம் ஐ-20 வந்து, அமெரிக்க அரசின் மாணவர் பதிவு முறையான செவிஸுக்குக் கட்டணம் 350 டாலரும் கட்டியாச்சு. நேர்காணலுக்குத் தேதி எடுக்க உட்கார்ந்தால், 2025 மே 27 அன்று புதிய தேதி எதுவும் கொடுக்க வேண்டாம் என்று வாஷிங்டனிலிருந்து உத்தரவு. ஏற்கெனவே தேதி வாங்கியவர்கள் தப்பித்தார்கள். அவளுடைய வகுப்புத் தோழன் முந்தின வாரமே வாங்கியிருந்தான்!

"வேற நாட்டுக்கு மாத்திடுங்க" என்று சொந்தக்காரர்கள் சுலபமாகச் சொன்னார்கள். இங்கே படித்துச் சேர்த்து வைத்த பாட கிரெடிட் எல்லாம் அமெரிக்க முறைக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை. பிரிட்டன் பக்கம் விசாரித்தோம், முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கச் சொன்னார்கள்.

ஜூன் 18 அன்று மறுபடி திறந்தார்கள். ஆனால் மாணவர்களின் சமூக ஊடகக் கணக்குகள் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டுமாம். அன்று ராத்திரி மகள் பழைய பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். காஸாவுக்காகப் பகிர்ந்த ஒரு படத்தில் விரல் நின்றது. "அழிச்சிடவாம்மா?" அழித்தால் எதையோ மறைத்த மாதிரி, வைத்தால் வேறு பயம். அப்படியே விட்டுவிட்டாள். ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பணம் யார் கட்டுகிறார், படித்து முடித்து என்ன செய்வாய், அவ்வளவுதான். விசா கிடைத்தது, வகுப்பு தொடங்குவதற்குள் போய்விட்டாள்.

பட்டர்வொர்த்திலிருந்து:
அக்கா, அந்தக் களேபரத்தைப் பார்த்துத்தான் என் தம்பி ஆஸ்திரேலியா பக்கம் திரும்பினான். அங்கே 2025 ஜூலை 1 அன்று மாணவர் விசாக் கட்டணம் 1,600 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 2,000 ஆக ஏறியது. விசா மறுத்தாலும் பணம் திரும்பாது. அதற்குள் விண்ணப்பித்துவிடலாம் என்றால், பல்கலைக்கழகத்தின் சேர்க்கை உறுதிக் கடிதம் ஜூலை பிறந்த பிறகுதான் வந்தது. "இது கட்டணமா, உண்டியல் காணிக்கையா?" என்று அப்பா இன்னும் புலம்புகிறார்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:
நான் மாணவர் சேர்க்கை ஆலோசகர். முன்பெல்லாம் பெற்றோர் முதலில் ரேங்கிங் கேட்பார்கள். இப்போது, "அங்க அடுத்த எலெக்‌ஷன் எப்போ சார்?" படிப்பு முழுக்க இங்கேயே முடியும் 3+0 இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கல்யாணமானவர்கள் முதுகலைக்கு வந்தால் பிரிட்டன் பேச்சையே பார்த்துத்தான் எடுக்கிறேன். 2024 ஜனவரியிலிருந்து, ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சில தவிர, கணவனையோ மனைவியையோ கூட அழைத்துப் போக முடியாது.