ஒரு கட்டமா ரெண்டு கட்டமா? ஈசிஜி பாத்து முப்பது வருஷத்துக்கு ஜோசியம் சொல்றவங்க கவனத்துக்கு

லீடு டூ:
நேத்து மாஸ்டர் செக்கப் திரியில நம்ம வட்டப்பாறை சார் ஒரே போடா போட்டுட்டுப் போயிட்டார். //ஈசிஜியில ஜே பாயின்ட் தூக்கி இருந்தா இதயத்தால சாகற ரிஸ்க் மூணு மடங்கு, ஃபின்லாந்துல முப்பது வருஷம் பாத்து நிரூபிச்சாச்சு// அப்படின்னு. படிச்சிட்டு ராத்திரி சோறு எறங்கல எனக்கு. ஜே பாயின்ட்னா இதயம் சுருங்கறதுக்கு முன்னால வர்ற கூர்மையான அலை, அதான் க்யூஆர்எஸ், அது முடியற இடம்; அது அடிக்கோட்டுக்கு மேல ஈசிஜி பேப்பர்ல எத்தனை சின்னக் கட்டம் தூக்கி நிக்குதுங்கிறதுதான் இங்க பேச்சு. 22 வருஷமா ஜெல்லி தடவி நெஞ்சுல பல்பு ஒட்டிக்கிட்டு இருக்கேன், ஜே பாயின்ட் தூக்கி இருக்கிற பசங்கள வரிசையில நிக்க வச்சா எங்க ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நிப்பானுங்க, கபடி ஆடுறவன், மூட்டை தூக்குறவன், போலீஸ் செலக்சனுக்கு ஓடுறவன்னு. மூணு மடங்குங்கிறது ரெண்டு சின்னக் கட்டத்துக்கு மேல தூக்கினவனுக்கு, அதுவும் இதயத்தோட அடிப்பக்கத்தைப் பாக்கற இன்ஃபீரியர் லீடுல, அதாவது ரெண்டு, மூணு, ஏவிஎஃப்னு பேர் போட்ட கோடுங்கள்ல. ஒரு கட்டம் தூக்கினவனுக்கு இல்ல. அதை ஏன் சார் முழுங்கினீங்க?

வட்டப்பாறை:
வந்துட்டாருய்யா. முழுங்கல, சுருக்கிச் சொன்னேன். 10,864 பேர், சராசரி வயசு 44, டிரேசிங், அதாவது ஈசிஜி கோடு, எடுத்தது 1966-லேர்ந்து 72-க்குள்ள, சராசரியா 30 வருஷம் பின்தொடர்ந்து 2009-ல நியூ இங்கிலாந்து மெடிக்கல் ஜர்னல்ல வந்தது. ஒரு கட்டம் தூக்கினவனுக்கும் ரிஸ்க் இருக்கு, 1.28 மடங்கு. ஒண்ணுமே இல்லன்னு நீங்க சொல்றதுதான் முழுங்கறது. பல்பு ஒட்டினா புள்ளியியல் வந்துடாது.

லீடு டூ:
//1.28 மடங்கு//
ஆங். நேத்து மூணு, இன்னிக்கு ஒண்ணேகால். நாளைக்கு இன்னும் கொஞ்சம் கொறைச்சுத் தருவீங்களா, காய்கறிக் கடையா இது? ரெண்டு கட்டம் தாண்டினவன் அந்த பத்தாயிரத்து சொச்சத்துல எத்தனை பேரு, 36 பேரு. அவனுங்கள வச்சுத்தான் இந்த மூணு மடங்கே.

சொல்லாய்வு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஜே பாயின்ட்டை எங்கே வைத்து அளக்கிறீர்கள்? க்யூஆர்எஸ் இறங்கும் இடத்தில் ஒரு சின்ன முடிச்சு வருமே, அதன் தொடக்கத்திலா, உச்சியிலா? உச்சியில் அளக்க வேண்டும் என்று 2015-ல்தான் நிபுணர்கள் கூடி எழுதினார்கள். அதை முதலில் தீர்த்துக்கொண்டால் ஒரு கட்டமா ரெண்டு கட்டமா என்ற கேள்வியே

சும்மா ஒரு ஆள்:
ஐயா வந்துட்டார், எல்லாரும் எழுந்து நில்லுங்க 🙏 பாதி வாக்கியத்துலயே போயிட்டார் போல

மல்லிப்பூ:
எனக்கு ஒரு சந்தேகம் யாராவது சொல்லுங்க ப்ளீஸ். வீட்டுக்காரருக்கு 41 வயசு, ஆபீஸ் செக்கப்ல எடுத்த ஈசிஜில மெஷினே மேல "ஏர்லி ரீபோலரைசேஷன்"னு அடிச்சிருக்கு. டாக்டர் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டார். ஆனா இவர் நேத்து அந்த மூணு மடங்கு பதிவைப் படிச்சிட்டு தூங்கவே இல்ல.

வட்டப்பாறை:
பாத்தீங்களா, ஜே பாயின்ட் தூக்கி இருக்கறதுக்குத்தான் ஏர்லி ரீபோலரைசேஷன்னு பேரு, மெஷினே கண்டுபிடிக்குது. லீடு டூ அண்ணன் மாதிரி ஆளுங்க "பசங்களுக்கு எல்லாம் இருக்கும்"னு தள்ளி விட்டுருவாங்க. 2008 வரைக்கும் மொத்த உலகமும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு, அந்த வருஷம் பிரான்ஸ்ல ஹைசகேர் குழு திடீர்னு இதயம் நின்னு பொழைச்சவங்க டிரேசிங்கைப் பாத்தப்புறம்தான் முழிச்சுக்கிட்டாங்க.

லீடு டூ:
யோவ், மெஷின் அடிக்கறதை வேதவாக்கா எடுத்துக்கறீங்களே, அந்த மெஷினை ஓட்டுறவன் நான். முதல்ல அந்த பேப்பர் ஓரத்துல கேலிப்ரேஷன் மார்க் இருக்கும், அது பத்து சின்னக் கட்டம் உசரம் இருக்கான்னு பாத்தீங்களா? எவனாவது கெயினை டபுள்ல வச்சுட்டுப் போயிருந்தா ஒரு கட்டம் ரெண்டு கட்டமாத்தான் தெரியும், உங்க ஒண்ணேகால் மடங்கு ஆளு மூணு மடங்கு ஆளாயிருவான். அப்புறம் ஃபில்டர். பேஷன்ட் குளிர்ல நடுங்குறான்னு நாங்க 40 ஹெர்ட்ஸ்ல போட்டுருவோம், கோடு சுத்தமா வரும், ஆனா அந்த முடிச்சு மழுங்கிப் போகும். ஒரே ஆளு, ஒரே பெட்டு, அஞ்சு நிமிஷ இடைவெளி, முடிச்சு இருக்கும், காணாமப் போகும். இதை வச்சா முப்பது வருஷத்துக்கு நாள் குறிக்கிறீங்க? ரெண்டு கட்டம் சார். ரெண்டு.

நியூஜெர்சி தம்பி:
கைஸ் 2024 தாண்டியும் கட்டம் எண்ணிக்கிட்டு இருக்கீங்க. மேயோ கிளினிக் 2019-லயே ஏஐக்கு ஆறரை லட்சம் ஈகேஜி கொடுத்து, கண்ணுக்கு நார்மல் ரிதமா தெரியற டிரேசிங்க வச்சே யாருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது தாறுமாறா அடிக்கற இதயத் துடிப்பு, இருக்குன்னு சொல்ல வச்சாங்க. இனிமே ஈகேஜி படிக்க மனுஷனே வேணாம்.

லீடு டூ:
அது என்ன தம்பி ஈகேஜி, ஈகேஜி? அமெரிக்கால இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பதிவுலயும் சொல்லிக் காட்ட வேணாம்.

நியூஜெர்சி தம்பி:
கே ஜெர்மன் ஸ்பெல்லிங்லேர்ந்து வந்தது அண்ணா, அதுல என்ன பெருமை இருக்கு. கண்டுபிடிச்சவங்க அப்படித்தான் எழுதினாங்க.

சும்மா ஒரு ஆள்:
ஈசிஜி கண்டுபிடிச்ச ஐன்தோவன் ஜெர்மன்காரர் இல்ல தம்பி, நெதர்லாந்து. 1924 நோபல். ஈசிஜி அலைங்களுக்கு பி க்யூ ஆர் எஸ் டின்னு பேரு வச்சதும் அவர்தான். கூகுள் எங்ககிட்டயும் இருக்கு 😎

நியூஜெர்சி தம்பி:
ஜெர்மன்காரர்னு நான் எங்க சொன்னேன்?? ஜெர்மன்ல எழுதினார்னு சொன்னேன். தேங்கா எண்ணெய் திரியிலயும் இதே மாதிரிதான் என் வாயில வார்த்தையத் திணிச்சீங்க, அதுக்கு இன்னும் ஒரு சாரி வரல.

சும்மா ஒரு ஆள்:
தேங்கா எண்ணெய் திரியில ஓடிப்போனது யாருன்னு அட்மினுக்குத் தெரியும்

வட்டப்பாறை:
அதை விடுங்க. லீடு டூ அண்ணனுக்கு ஒரு கேள்வி. கேலிப்ரேஷன், ஃபில்டர் எல்லாம் சரி, அந்தத் தப்பு எல்லாருக்கும் பொதுவா கலந்து இருந்தா வித்தியாசம் மங்கத்தான் செய்யும், பெருசாகாது. அதையும் தாண்டி 1.28 வந்திருக்குன்னா உண்மையில ரிஸ்க் அதைவிட அதிகம்னு அர்த்தம். ஸோ ஒரு கட்டமே போதும்.

லீடு டூ:
ஒரு கட்டமே போதுமா! அப்ப எங்க ஊரு கபடி டீம் மொத்தத்துக்கும் பாடை கட்டச் சொல்லவா? அதே ஃபின்லாந்து குழு 2011-ல என்ன சொன்னாங்கன்னு சொல்ல மாட்டீங்களே. ஜே பாயின்ட்டுக்கு அப்புறம் கோடு சரசரன்னு மேல ஏறினா பயமில்ல, மட்டமாப் படுத்துக்கிட்டாலோ கீழ எறங்கினாலோதான் பயம். விளையாடுற பசங்களுக்குப் பெரும்பாலும் ஏறும். நான் அதை 22 வருஷமா கண்ணால பாத்துக்கிட்டு இருக்கேன், எனக்கு எவனும் பேப்பர் போடல, அவ்வளவுதான். இன்னொண்ணு, அந்த ஆளுங்க எந்தக் காலத்து ஃபின்லாந்து? நெஞ்சடைப்புல சாகறதுல அன்னிக்கு உலகத்துலயே முன்வரிசையில நின்ன நாடு, அங்க வட கரேலியாங்கிற பகுதில 1972-ல வெண்ணெயைக் கொறைங்கடான்னு அரசாங்கமே எறங்கி வேலை பாத்துச்சு. ஜே பாயின்ட் தூக்கினவன், தூக்காதவன் ரெண்டு பேரோட சாவுக் கணக்குல வித்தியாசம் தெரியவே டிரேசிங் எடுத்து 15 வருஷம் ஆச்சு. முடிச்சு மட்டும் கொல்லல சார், ரத்தக்குழாய் அடைச்சப்புறம் முடிச்சும் சேர்ந்துதான் ஆளைத் தூக்குது, நான் நினைக்கறது அதுதான்.

வட்டப்பாறை:
அப்ப முடிச்சு தூக்குதுன்னு ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

லீடு டூ:
ரெண்டு கட்டம் இருந்தா!!

சொல்லாய்வு:
உச்சியில் அளந்த ரெண்டு கட்டமா, தொடக்கத்தில் அளந்த ரெண்டு கட்டமா?

மல்லிப்பூ:
எங்களோடதுல அந்த ஓரத்து மார்க் பத்து கட்டம்தான் இருக்கு, எண்ணிப் பாத்தேன். மத்தது எனக்குப் புரியல. அப்ப பயப்படணுமா வேணாமா?

நியூஜெர்சி தம்பி:
சிஸ்டர் இங்கல்லாம் அறிகுறி இல்லாத லோ ரிஸ்க் ஆளுக்கு ஈகேஜியே எடுக்காதீங்கன்னு 2018-ல அமெரிக்க தடுப்பு மருத்துவப் பணிக்குழு சொல்லிடுச்சு.

வட்டப்பாறை:
இப்ப மட்டும் எடுக்க வேணாமா, மேல ஆறரை லட்சம் ஈகேஜின்னு குதிச்சது யாரு?

நியூஜெர்சி தம்பி:
அது வேற இது வேற சார், படிச்சவர் நீங்களே இப்படிக் கேக்கலாமா

வட்டப்பாறை:
//படிச்சவர்// இந்த நக்கல் எல்லாம் வேணாம் தம்பி. உங்க வயசுக்கு நான் கிளினிக்கல் டிரையல் டேட்டா பாத்துக்கிட்டு இருக்கேன்.

சும்மா ஒரு ஆள்:
ஒருத்தருக்கு 22 வருஷ சர்வீஸ், இன்னொருத்தருக்குத் தம்பி வயசு அளவுக்கு சர்வீஸ். ரெண்டு பேரையும் கட்டத்துல வச்சு அளந்தாத்தான் தெரியும்

லீடு டூ:
மல்லிப்பூம்மா, நீ பயப்படாத. அந்த ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துப் போடு, லீடு ரெண்டு, மூணு, ஏவிஎஃப் தெரியற மாதிரி, பேரை மறைச்சுட்டு. நான் எண்ணிச் சொல்றேன்.

வட்டப்பாறை:
டெக்னீஷியன் எண்ணி, முடிவு சொல்றதா? சட்டப்படி தப்பு. மா, ஒரு கார்டியாலஜிஸ்ட்டைப் பாருங்க, குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா, இவர் எப்பவாவது மயங்கி விழுந்திருக்காரான்னு அவர் கேப்பார், அதுதான் முக்கியம்.

லீடு டூ:
அதைத்தானே நான் காலைலேர்ந்து சொல்றேன், கோட்டை மட்டும் பாத்து சொல்லாதீங்கன்னு!

வட்டப்பாறை:
காலைலேர்ந்து நீங்க சொன்னது ரெண்டு கட்டம். வேற ஒரு வார்த்தை சொல்லல.

லீடு டூ:
ஆமா சொன்னேன், இப்பவும் சொல்றேன். நேத்து எழுதின அந்த மூணு மடங்கு பதிவுல "ரெண்டு கட்டத்துக்கு மேல"ன்னு ஒரு வரி சேத்து எடிட் பண்ணுங்க, அது வரைக்கும் நான் இந்தத் திரிய விட்டு நகர மாட்டேன். இப்ப நைட் டியூட்டி, ஒரு ஸ்ட்ரெஸ் கேஸு, எடுத்துட்டு வர்றேன்.

வட்டப்பாறை:
எடிட் எல்லாம் பண்ண முடியாது. கேலிப்ரேஷன் மார்க் பாத்து எடுங்க.

மல்லிப்பூ:
போட்டோ போட்டிருக்கேன் அண்ணா. கீழ்ப்பக்கம் கொஞ்சம் மங்கலா வந்திருக்கு, லைட்டு பட்டுடுச்சு. ஏவிஎஃப்னா எது?