கிணற்று மோட்டார் கருவிக்குத் தனி ப்ராசஸர்: எந்த மென்பொருளில் தொடங்குவது?

கேள்வி (கப்பலூர்):
கிணற்று மோட்டார்களின் பேரிங் தேய்வதை அதிர்விலிருந்தே கண்டறியும் கருவி ஒன்றை, கப்பலூர் தொழிற்பேட்டையில் மூவர் மட்டுமே உள்ள எங்கள் பட்டறையில் செய்துவருகிறோம். எஃப்.பி.ஜி.ஏ. (உள்ளே இருக்கும் மின்சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சில்லு) போர்டில் வெக்ஸ்ரிஸ்க்-வி என்ற திறந்தமூல ப்ராசஸரை ஏற்றியிருக்கிறோம். ஆனால் மாதிரி (அதிர்வின் ஓர் அளவீடு) ஒன்றுக்கு 64 பெருக்கல்கள் கொண்ட வடிகட்டியிலேயே நேரமெல்லாம் போய்விடுகிறது. இந்த வேலைக்கென்றே ஒரு ப்ராசஸரை வடிவமைக்க எந்த மென்பொருள் ஏற்றது?

மறுமொழி 1 (பசுமலை):
புதிய ப்ராசஸரே வேண்டியதில்லை, ஐயா. தயாரிப்பாளர்கள் தாமே சேர்த்துக்கொள்ளும் கட்டளைகளுக்கென்று, உங்கள் ப்ராசஸர் பின்பற்றும் கட்டளை வரையறையான ரிஸ்க்-வி விதிமுறையிலேயே கஸ்டம்-0, கஸ்டம்-1 என இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கூகுள் வெளியிட்ட சி.எஃப்.யூ. ப்ளேகிரவுண்ட் என்ற இலவச மென்பொருள், நீங்கள் வைத்திருக்கும் அதே ப்ராசஸரோடு உங்கள் கணக்கீட்டு அலகை இணைத்துத் தருகிறது. இப்போது ஒவ்வொரு பெருக்கலுக்கும் நினைவகத்திலிருந்து இரண்டு வாசிப்பு, ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், இரண்டு முகவரி நகர்த்தல், ஒரு தாவல் என 7 கட்டளைகள், ஆக மாதிரிக்கு 448 செலவாகின்றன. இரண்டு 16 பிட் எண்களை ஒரே பதிவகத்தில் (ரெஜிஸ்டரில்) அடைத்து, பெருக்கிக் கூட்டுவதை ஒரே கட்டளையாக்கினால், 32 சுற்றுக்கு 6 வீதம் 192 போதும். கட்டளைக்கு இரண்டு உள்ளீடுகளே உண்டு என்பதால் கூட்டுத்தொகையை அலகுக்குள்ளேயே வைத்துக்கொள்ள நேரும்; இடையில் குறுக்கிட்டு ஓடும் இன்டரப்ட் நிரல் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2 (திருநகர்):
கட்டளை ஒன்றிரண்டைத் தாண்டினால் சிக்கல் வன்பொருளில் அன்று, நிரலை ப்ராசஸரின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரில்தான் எழும். ஏசிப் (ஒரு வேலைக்கென்றே வடிவமைக்கும் ப்ராசஸர்) உருவாக்க உதவும் ஏசிப் டிசைனர், கேடன்ஸின் எக்ஸ்டென்சா போன்றவற்றுக்கு நிறுவனங்கள் பணம் கட்டுவதே, ப்ராசஸரின் ஒரே விவரிப்பிலிருந்து வன்பொருள், சிமுலேட்டர், கம்பைலர் மூன்றும் ஒத்திசைந்து கிடைப்பதற்காகத்தான். மூவர் பட்டறைக்கு அவை தேவையில்லை. பின்லாந்தின் தம்பெரே பல்கலைக்கழகத்தில் உருவான ஓப்பன்ஏசிப் இலவசம். நீங்கள் வகுக்கும் ப்ராசஸருக்கு ஏற்ப அதன் கம்பைலர் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும். ஆனால் அது முதன்மையாகப் பயன்படுத்தும் ப்ராசஸர் அமைப்பு நீங்கள் பழகியது அன்று என்பதால், கற்க மாதக்கணக்கில் ஆகலாம்.

கப்பலூர்:
ஒரே ஒரு கட்டளைதான் என்றால், நாங்கள் பயன்படுத்தும் ஜி.சி.சி. கம்பைலரைத் திருத்த வேண்டுமா?

பசுமலை:
வேண்டாம். புதிய கட்டளையை நேரடியாகக் குறிக்க உதவும் அசெம்ப்ளரின் இன்ஸ்ன் (.insn) குறிப்பைச் சி நிரலுக்குள் ஒரு மேக்ரோவாக எழுதிவிட்டால் போதும். அதற்கு முன், திரும்பத் திரும்ப ஓடும் சுற்றை (லூப்பை) விரித்து எழுதி ஒருமுறை அளந்து பாருங்கள். நகர்த்தலும் தாவலும் குறைந்து, அதுவே போதுமானதாகிவிடக்கூடும். இன்னொன்று: வடிகட்டி எடுத்துக்கொள்ளும் 64 மாதிரிகளின் சாளரம் ஒரு மாதிரி நகரும்போது 32 பிட் வாசிப்பின் முகவரி பாதி நேரம் நான்கின் மடங்காக இராது, ப்ராசஸர் அங்கே பிழை காட்டும், அல்லது தவறான மதிப்பை வாசிக்கும். ஆகவே இரண்டு மாதிரிகள் வந்த பின்பே கணக்கிட்டு, இரண்டாவது விடைக்கு ஓரிடம் தள்ளிவைத்த குணகப் (மாதிரிகளைப் பெருக்கும் எண்கள்) பட்டியலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.